பத்துக்குப் பத்து வைத்த ஊர்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, என் பெயரை ஒலிபெருக்கியில் அழைத்துவிட்டு, பயப்படாதே என்று கண்ணாலேயே சொன்ன அம்மா சந்திரகலா அவர்களே. ஒரு வருடம் எங்கள் மண்ணில் நடந்து, எங்கள் மனங்களை மதித்து, அதை அறிக்கையாக்கிக் கொண்டுவந்திருக்கும் ஆய்வாளர் அருணாதேவி அவர்களே. வீடு வீடாக ஏறி இறங்கி, போன இடமெல்லாம் மோர் குடித்து, மனிதர்களைவிட அதிகமாக நாய்களைப் பேட்டி கண்ட அண்ணன் ராமகிருஷ்ணன் அவர்களே. வேலையை விட்டு, வெயிலைப் பாராமல், கீழ்பென்னாத்தூரில் இறங்கி இன்னொரு பேருந்து ஏறி வந்திருக்கும் தாய்மார்களே. வலப்பக்கம் அமர்ந்திருக்கும் எங்கள் ஊர்த்தெருப் பெரியவர்களே. இடப்பக்கம் அமர்ந்திருக்கும் எங்கள் காலனிப் பெரியவர்களே. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் யாரும் உட்காராமல் கிடக்கும் இரண்டு வரிசை நாற்காலிகளே. அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

நாற்காலிக்கு வணக்கம் சொல்கிறாளே என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படி உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. இவர்கள் இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம் என்று சீட்டு ஒட்டவும் இல்லை. உள்ளே வந்தீர்கள், பார்த்தீர்கள், பிரிந்தீர்கள். மூன்று வருடப் பழக்கம் காலுக்குத் தெரிந்திருக்கிறது.

சத்தமாகப் பேசு என்கிறார்கள். சரி, பேசுகிறேன். மைக்கை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினால் நன்றாக இருக்கும் அண்ணா. நன்றி.

என் பெயர் அன்புச்செல்வி. வயது பதினேழு. அப்பா பெயர் கருப்பன், அம்மா பெயர் தனம். ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. இப்போது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு அடித்துக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை தோறும் மனு நாள். பட்டா கேட்டு ஒருவர், பாதை கேட்டு ஒருவர், ஓய்வூதியம் கேட்டு ஒருவர் வருவார். எத்தனையோ பேருடைய ஏக்கம் என் விரல் வழியாகப் போயிருக்கிறது. யாருக்காவது எதையாவது கேட்டு எழுதுவது எனக்குச் சுலபம். எனக்காக ஒன்று கேட்பதுதான் கஷ்டம்.

ஐந்து நிமிடம் அனுபவம் சொல்லு என்றார்கள். அனுபவம் சொல்கிறேன். ஆனால் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பண்பாடு, பகைமை, மனநலம் என்று இந்த அறிக்கையின் அட்டையில் மூன்று பெரிய சொற்கள் இருக்கின்றன. அந்த மூன்று சொல்லுக்காக நான் இந்த வேலையில் சேரவில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று சேர்ந்தேன். கேள்வி இதுதான். வேதாவுக்கு என் நினைப்பு இருக்கிறதா?

வேதா யார்? ஊர்த்தெருப் பெண். என் வகுப்பு, என் பெஞ்சு, என் வயது. அவளுடைய அப்பா பெயர் மணி. அவரிடம் ஒரு வேன் இருந்தது. அந்த வேனில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பதினாறு பேரும் உயர்நிலைப் பள்ளிக்குப் போனோம். வேதா அப்பா இதோ, வலப்பக்கம் மூன்றாவது வரிசையில், தூண் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் பெயர் சொல்கிறேன். இன்று காலை மண்டப வாசலில் கேட்டேன். "சொல்லிக்கோ பாப்பா" என்றார். ஆராயி அம்மாவிடமும் என் அம்மாவிடமும் அப்படியே கேட்டுவிட்டேன். ஆய்வில் யாருடைய பெயரையும் கேட்காமல் சொல்லக் கூடாது. அறிக்கையில் எங்கள் ஊரின் பெயர்கூட இல்லை. எந்த ஊர் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. இங்கே இருக்கும் நூற்றைம்பது பேருக்கும் தெரியாது, இல்லையா?

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆடி மாதம். எங்கள் காலனியில் ஒரு குழந்தைக்குக் காது குத்து. இரண்டு தெருவும் சேரும் முக்கூட்டில் பேனர் கட்டினார்கள். காலையில் பார்த்தால் பேனர் நடுவில் கிழிந்து தொங்கியது. காற்று கிழித்ததா, கை கிழித்ததா? இன்றுவரை யாருக்கும் தெரியாது. காற்று என்றது ஒரு தெரு. கை என்றது ஒரு தெரு. மத்தியானத்துக்குள் கல் பறந்தது. நான்கு பேருக்கு மண்டை உடைந்தது. இரண்டு பக்கமும் கேஸ். ஒரு மாதம் முக்கூட்டில் போலீஸ். பிறகு தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம். இரண்டு தெருப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் காகிதம் பத்திரமாக இருக்கிறது. கையெழுத்து இருக்கிறது. தேதி இருக்கிறது. முத்திரை இருக்கிறது. பேச்சு மட்டும் இல்லை.

அன்றோடு வேன் எங்கள் திருப்பத்துக்கு வருவது நின்றது.

நான் பையை மாட்டிக்கொண்டு ஒன்பது நாள் நின்றேன். ஏழே முக்காலுக்கு நிற்பேன். எட்டேகாலுக்குத் திரும்புவேன். ஒன்பதாம் நாள் பெரிய ரோட்டில் வேன் போவதைப் பார்த்தேன். சன்னல் ஓரத்தில் வேதா. அவள் திரும்பிப் பார்த்தாளா? தூரம். வெயில் கண்ணாடியில் அடித்தது. தெரியவில்லை. பத்தாம் நாள் அம்மா பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். பேருந்து நிறுத்தம் மூன்று கிலோமீட்டர், அதுவும் ஊர்த்தெரு வழியாக. வயசுப் பெண்ணை எப்படித் தனியாக அனுப்புவது? அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அன்று எல்லோருக்கும் பயம்.

பள்ளி போனதைப் பொறுத்துக்கொண்டேன். பாடம் போனதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது அந்த ஒரு 'தெரியவில்லை'தான். திரும்பிப் பார்த்தாளா, இல்லையா? பார்த்து முகத்தைத் திருப்பினாளா, பார்க்கவே இல்லையா? மனு அடிக்கும்போது, மாவு சலிக்கும்போது, மழை பெய்யும்போது, மனசு அந்தக் கண்ணாடியிலேயே போய் நிற்கும்.

போன் இல்லையா என்று அங்கே ஒரு அண்ணன் கேட்கிறார். இருக்கிறது அண்ணா. எண்ணும் இருக்கிறது. அது வேதா அப்பாவின் எண். அழைத்தால் அவர்தான் எடுப்பார். எடுத்தால் யார் பேசுகிறது என்பார். அந்தக் கேள்விக்கு மூன்று வருடமாக எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அருணாதேவி மேடம் எங்கள் கடைக்குப் படிவம் அடிக்க வந்தார். நான் அடித்துக்கொண்டே படித்தேன். "சண்டை நடந்த ஊர்களில் மனிதர்கள் எவ்வளவு நிறைவாக இருக்கிறார்கள்" என்று இருந்தது. எந்த ஊர் என்று பார்த்தேன். எங்கள் ஊர். அடித்த கை நின்றுவிட்டது. இருநூறு பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, காசு வாங்கும்போது, என்னையும் கூட்டிப்போவீர்களா என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நானாகக் கேட்ட முதல் வேலை அது.

காலனிக்கு மேடமும் நானும் போனோம். ஊர்த்தெருவுக்கு ராமகிருஷ்ணன் அண்ணன் போனார். கேள்விகள் நிறைய. அவற்றில் முக்கியமான ஒன்றுக்கு மேடம் ஒரு வழி வைத்திருந்தார். எழுதத் தெரியாதவர்களும் பதில் சொல்லலாம் என்பதற்காக அந்த வழி. கையில் பத்து மல்லாட்டை, மேடம் மொழியில் வேர்க்கடலை, கொடுக்க வேண்டும். ஒரு தட்டை நீட்ட வேண்டும். உங்கள் மனம் எவ்வளவு நிறைவாக இருக்கிறதோ, அவ்வளவு கொட்டையைத் தட்டில் போடுங்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பத்து போட்டால் முழு நிறைவு. ஒன்றும் போடாவிட்டால் ஒன்றும் இல்லை.

முதல் வீடு ஆராயி அம்மா வீடு. அதோ, கையைத் தூக்கிக் காட்டுகிறார். ஆராயி அம்மாவிடம் பத்துக் கொடுத்தோம். தட்டை நீட்டினோம். பத்தையும் போட்டார். மேடம் பத்து என்று எழுதினார். ஆராயி அம்மா, "இரு கண்ணு" என்று உள்ளே போய், இன்னொரு பிடி கொண்டுவந்து தட்டில் கொட்டினார். மேடம் எண்ணினார். பதினேழு.

பத்துக்குப் பதினேழு. உலகத்தில் எந்த நாட்டிலும் மனிதர்கள் அவ்வளவு நிறைவாக இருந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த வீடு, பத்து. அடுத்த வீடு, பத்து. கணவன் குடித்துவிட்டு அடிக்கும் வீடு, பத்து. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அது திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும் வீடு, பத்து. சாயங்காலம் ராமகிருஷ்ணன் அண்ணன் ஊர்த்தெருப் படிவங்களோடு வந்தார். அங்கேயும் பத்து, பத்து, பத்து. ஒரு வீட்டில் கொட்டையோடு வெல்லமும் வைத்திருந்தார்கள்.

மேடம் முதலில் ஆச்சரியப்பட்டார். பிறகு ஆறுதல் அடைந்தார். இவ்வளவு பெரிய சண்டைக்குப் பிறகும் இப்படி ஒரு மனநிறைவா, இந்த மக்களிடம் ஏதோ பெரிய பலம் இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதினார். அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர் படித்தவர், நல்லவர், வெளியூர்க்காரர். இந்த மூன்றும் சேர்ந்தால் சில விஷயம் தெரியாது.

தெரிந்த நானும் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் வெட்கம். கூட நின்றேன், தட்டைப் பிடித்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லா வீடும் முடிந்து படிவங்களைக் கணினியில் ஏற்றும்போது எங்கள் வீட்டுப் படிவம் வந்தது. அது மேடம் தனியாக அம்மாவிடம் கேட்டது. பெயர் இல்லை, வயது நாற்பத்தொன்று. பத்து. அந்த எண்ணைப் பார்த்தேன். என் அம்மாவா? பாத்திரம் துலக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தில் அழுதுவிட்டு, புகை என்று சொல்லும் என் அம்மாவா? வீட்டுக்குப் போய், ஏன் பத்துப் போட்டாய் என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"வூட்டுக்கு வந்தவங்க தட்ட நீட்டறாங்க. நாலு போட்டுட்டு ஆற நான் வெச்சிக்கறதா? இன்னாடி புள்ள நீ, அது மரியாதையா?"

கை தட்டுகிறீர்கள். இரண்டு பக்கமும் தட்டுகிறீர்கள். ஏன் தட்டுகிறீர்கள்? உங்களுக்கும் அதே பதில் என்பதால்தானே? வந்தவர் நீட்டிய தட்டைக் குறையாக அனுப்ப மாட்டேன் என்று ஊர்த்தெரு சொன்னது. குறையாக அனுப்ப மாட்டேன் என்று காலனி சொன்னது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத மூன்று வருடத்தில், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமல், இரண்டு தெருவும் சேர்ந்து ஒரே தப்பைச் செய்திருக்கிறீர்கள். வேறு எந்த ஊர்க்காரருக்கும் வராத தப்பு. எந்தச் சமாதானக் கூட்டத்திலும் கிடைக்காத ஒற்றுமை.

இதை மேடத்திடம் எப்படிச் சொல்வது? அவ்வளவு படித்தவரிடம், நூற்று நாற்பது படிவமும் தப்பு என்று ஒன்பதாம் வகுப்பு போய் நிற்குமா? இரண்டு நாள் அவர் முன்னால் போய்ப் போய்த் திரும்பினேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். இரண்டு நாளில் அவர் எட்டுப் பாட்டில் தண்ணீர் குடித்தார். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னேன். மனு அடித்தேன்.

அனுப்புநர், க. அன்புச்செல்வி. பெறுநர், ஆய்வாளர் அவர்கள். பொருள், பத்து மல்லாட்டை தொடர்பாக. அம்மா, எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவர் தட்டை நீட்டினால் குறையாகப் போடும் வழக்கம் இல்லை. ஆகவே தாங்கள் எண்ணியது எங்கள் மரியாதையை. மனதை இன்னும் எண்ணவில்லை. தட்டை நீட்டாமல் மறுபடி ஒரு முறை கேட்குமாறு தங்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.

மேடம் படித்தார். சிரித்தார். சிரிப்பு நின்றது. மறுபடி படித்தார். பிறகு எழுந்து போய், அந்தக் குறிப்பேட்டில் எழுதியிருந்த பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். "நாளைக்கு முதல்லேர்ந்து போலாம் அன்பு" என்றார். தன் தப்பை அவ்வளவு லேசாக அடித்த ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த ஒரு கோட்டை இரண்டு தெருவும் போட்டிருந்தால், அம்மா, அய்யா, இந்த மண்டபத்தில் எப்படி உட்கார்ந்திருப்பீர்கள்?

இரண்டாம் முறை தட்டு அவர்களுடைய தட்டு. அவர்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று. பத்துக் கொட்டையும் ஏற்கெனவே அதில் இருக்கும். மனசுக்கு எது குறையாக இருக்கிறதோ, அதற்கு ஒன்றை எடுத்துத் தரையில் வையுங்கள். எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. இதுதான் கேள்வி. கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். மேடம் சும்மா இருந்தார். எனக்குச் சும்மா இருப்பது பழக்கம்.

முதல் முறை ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம் ஆனது. இரண்டாம் முறை ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம். சொல்ல வேண்டியதில்லை என்றுதான் சொன்னோம். சொல்லாதவர் யார்? ஒரு வீட்டில் தரையில் வைத்த குறையைக் கோழி கொத்திக்கொண்டு போனது. அதையும் அண்ணன் படிவத்தில் எழுதியிருக்கிறார். சிரிக்காதீர்கள், உங்கள் தெருக் கோழிதான்.

ஆராயி அம்மா தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று எடுத்தார். முழங்கால் வலிக்கு ஒன்று எடுத்தார். மூன்றாவது ஒரு ஆளுக்கு. ஊர்த்தெருவில் அவரோடு நடவு நட்ட ஒரு அம்மா. இருபது வருடம் பக்கத்துப் பக்கத்தில் குனிந்து நட்டவர்கள். "நான் எடுத்து வுடுவேன், அவ பின்பாட்டு பாடுவா. இப்ப நான் யாருக்குனு எடுத்து வுடறது?" என்று சொல்லி ஒன்றை எடுத்து வைத்தார். வைத்துவிட்டு, இன்னொன்றையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "இது அவளுக்கு. அவ எடுக்காம வுட்டிருந்தா, நான் எடுத்ததா இருக்கட்டும்."

அந்த அம்மா இந்த மண்டபத்தில் இருக்கிறாரா, எனக்குத் தெரியாது. இருந்தால் கேட்டிருப்பார்.

என் அம்மா ஒன்றுதான் எடுத்தாள். பெண் படிப்பு நின்றதற்காக என்று நான் நினைத்தேன். இல்லை. வேதாவின் அம்மா காலையில் வேனிலேயே வந்து, எங்கள் திருப்பத்தில் இறங்கி வயலுக்குப் போவார். நாங்கள் ஏறிப் போன பிறகு இரண்டு அம்மாக்களும் புளியமரத்தடியில் கால் மணி நேரம் நிற்பார்களாம். "இன்னா கொழம்பு வெச்சன்னு கேப்பா. அவ்ளோதான். அத கேக்க இப்ப ஆளு இல்ல" என்றாள் அம்மா. ஒரே வீட்டில், ஒரே அடுப்பைச் சுற்றி, நான் அந்த வீட்டு மகளுக்காக ஏங்கியிருக்கிறேன், அம்மா அந்த வீட்டுத் தாய்க்காக ஏங்கியிருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் மூன்று வருடம் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்கிறோம்.

இப்போது நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மேடத்துக்கும் இது தெரியாது.

படிவங்கள் இரண்டு கட்டாக இருக்கும். காலனிக் கட்டு என் மேசையில். ஊர்த்தெருக் கட்டு ராமகிருஷ்ணன் அண்ணன் மேசையில். அவர் கட்டை நான் தொடக் கூடாது, என் கட்டை அவர் தொடக் கூடாது. அதுதான் விதி. ஒரு நாள் பகல் மூன்று மணி. மேடம் வங்கிக்குப் போனார். அண்ணன் டீ குடிக்கப் போனார். அறையில் நானும் இரண்டு கட்டும். வேதா பத்தாவது முடித்துவிட்டு, இப்போது வேலூரில் நர்சிங் உதவியாளர் படிப்பு படிக்கிறாள். ஆனால் அண்ணன் ஊர்த்தெருவில் கேட்டது மே மாத விடுமுறையில். வேதா வீட்டில் இருந்திருப்பாள். அவள் தட்டிலும் பத்துக் கொட்டை இருந்திருக்கும். அவள் ஒன்று எடுத்தாளா? எனக்காக எடுத்தாளா?

அந்தக் கட்டில் பெயர் இருக்காது. ஆனால் வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, வேன் இருக்கிறதா, எல்லாம் இருக்கும். இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன். மூன்று வருடக் கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் பதில். நான் எழுந்தேன். அந்த மேசைக்குப் போனேன். நாடாவில் கை வைத்தேன். முடிச்சு லேசான முடிச்சு. ஒரு முனையை இழுத்தும் விட்டேன்.

அப்போது அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. இன்னா கொழம்பு. அதை அம்மா யாரிடம் சொன்னாள்? இந்தக் கட்டுக்குள் போனால் வெளியே வராது என்று நம்பி ஒரு காகிதத்திடம் சொன்னாள். அந்தத் தெருவிலும் ஒரு அம்மா அப்படி நம்பியிருப்பாள். ஒரு பெண்ணும் அப்படி நம்பியிருப்பாள். அவள் என்னை நினைத்து எடுத்திருந்தால், அதை எனக்குச் சொல்லும் உரிமை அவளுடையது. எடுக்காமல் இருந்தால், சொல்லாமல் இருக்கும் உரிமையும் அவளுடையது. நான் திருடித் தெரிந்துகொண்ட பதிலோடு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

முடிச்சைத் திரும்பப் போட்டேன். அவசரத்தில் இரட்டை முடிச்சு விழுந்துவிட்டது. அண்ணன் வந்து அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா.

ஆகவே அவையோரே, இன்றுவரை எனக்கு அந்தப் பதில் தெரியாது.

எனக்குத் தெரிந்தது, நீங்களும் நாளை படிக்கப்போவது, இந்த அறிக்கையின் முப்பத்தோராம் பக்கம். இரண்டு தெருவிலும் தட்டிலிருந்து அதிகமாக எடுத்து வைக்கப்பட்ட குறை எது? ரோடா? இல்லை. குழாயா? இல்லை. வேலையா? அதுவும் இல்லை. அடுத்த தெருவில் ஒரு மனிதர். பெயர் இல்லாத ஒரு மனிதர். கூட நட்டவர், கூடப் படித்தவர், கூட நின்றவர். ஊர்த்தெரு காலனியை நினைத்து எடுத்திருக்கிறது. காலனி ஊர்த்தெருவை நினைத்து எடுத்திருக்கிறது. எண்ணிக்கையில் இரண்டு தெருவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் பொய் பேசியவள் ஆவேன். ஏக்கம் சமம். இழப்பு சமம் இல்லை. வேன் நின்றது எங்கள் திருப்பத்துக்கு மட்டும்தான். பதினாறு பிள்ளைகளில் படிப்பு நின்றது ஏழு பேருக்கு, ஏழு பேரும் இடப்பக்கத்துப் பிள்ளைகள். மூன்று வருடமாக ஊர்த்தெருவைத் தவிர்த்து ஏரிக்கரையைச் சுற்றிப் போவது நாங்கள்தான். வலப்பக்கம் சிலர் தலை குனிகிறீர்கள். குனிய வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நாங்கள் நீட்டும் தட்டை நீங்கள் நிரப்ப வேண்டும் என்றால், நாங்கள் உங்கள் வாசலுக்கு வர ஒரு வழி வேண்டும். அதைத்தான் கேட்கிறேன். ஆராய்ச்சி ஒரு ஊரின் மனதைக் காட்டலாம். வேனைத் திருப்புவது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் கையில்தான் இருக்கிறது.

இந்த ஆய்வில் நூற்று நாற்பது வீட்டைக் கேட்டார்கள். கேட்கப் போனவர்களை யாரும் கேட்கவில்லை. விதி அப்படி. அதனால் என் பதில் எந்தக் கட்டிலும் இல்லை. என் பதில் என்னுடையது என்பதால், அதை இங்கே சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். வீட்டில் நானே என் தட்டை வைத்து ஒன்றே ஒன்று எடுத்தேன். அது வேதாவுக்கு.

வேதா அப்பா, உங்களைத்தான் பார்த்துப் பேசுகிறேன். உங்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. அன்று நீங்கள் வேனை எங்கள் பக்கம் திருப்பியிருந்தால் உங்கள் கண்ணாடியும் உடைந்திருக்கும் என்று இப்போது எனக்குப் புரிகிறது. உங்கள் எண் என்னிடம் மூன்று வருடமாக இருக்கிறது. அழைத்ததில்லை. இன்று இத்தனை பேர் முன்னால், ஒலிபெருக்கியில் அழைக்கிறேன். யார் பேசுகிறது என்று கேட்டால் சொல்கிறேன். வேதாவின் சிநேகிதி பேசுகிறேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறேன். அவளுக்கு என் நினைப்பு இருக்கிறதா என்று கேட்கிறேன்.

எழுந்து நிற்கிறார்.

கொஞ்சம் அமைதியாக இருங்கள். அவர் ஏதோ சொல்கிறார்.

பின் வரிசைக்குக் கேட்கவில்லை என்கிறீர்கள். நானே சொல்கிறேன். "வர்ற சனிக்கெழம வர்றா. அத நீயே வந்து அவளாண்ட கேட்டுக்க பாப்பா." இதுதான் சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வருகிறேன் வேதா அப்பா. எந்த வழியாக வரட்டும்?

அவர் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்க்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் தரையைப் பார்க்கிறார்கள். யாரையும் அவசரப்படுத்த மாட்டேன். பெரிய கேள்வி அது, எனக்கும் தெரியும். நீங்கள் யோசித்து முடிக்கும் வரை நான் காத்திருந்தால் வேதா மறுபடி வேலூருக்குப் போய்விடுவாள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணி. நல்ல வெளிச்சம் இருக்கும், எல்லோரும் வாசலில் இருப்பீர்கள். ஏரிக்கரையைச் சுற்றாமல், முக்கூட்டில் திரும்பி, ஊர்த்தெரு வழியாகவே நடந்து வருகிறேன். என் அம்மாவும் கூட வருவாள். அம்மா, வருவாய்தானே? தலையை ஆட்டுகிறாள்.

பேசத் தெரியாதவளுக்கு இவ்வளவு நேரம் காது கொடுத்த வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும், மேடை கொடுத்த தலைவர் அம்மாவுக்கும், என் மனுவைப் படித்த மேடத்துக்கும், முடிச்சை அவிழ்த்த அண்ணனுக்கும் என் நன்றி. வழியில் என்னைப் பார்ப்பவர்கள் பார்த்த இடத்தில் ஒரு வார்த்தை பேசினால் போதும்.

சனிக்கிழமை பார்ப்போம். வணக்கம்.